எந்த வாரத்துத் தலைவலி?

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்கப்போகும் இடத்தில் இருக்கிறது சுண்ணாம்புக்குளம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம். கிழக்கே ஏரி, ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா, அதையும் தாண்டினால்தான் வங்கக் கடல். சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஏரிதான், ஆனால் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இருக்காது. இறால், நண்டு, மடவை என்று இந்த ஆழமில்லாத உவர்நீர் கொடுப்பதை வைத்துத்தான் சுற்றியுள்ள குப்பங்களில் அடுப்பு எரிகிறது.

இந்தக் குப்பங்களில் ஒன்றில் வாழும் ஒரு பெண்ணை இந்த அத்தியாயத்துக்காகக் கற்பனை செய்துகொள்கிறேன். வயது 35. இறால் வாங்கி, ரகம் பிரித்து விற்பவர். சில மாதங்களாக உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. சோறு மட்டும் முன்பைவிட அதிகமாக இறங்கியது. தராசைப் பிடித்தால் கை நடுக்கம். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும். ராத்தூக்கம் போயிற்று. வீட்டில் வெயிலைக் காரணம் சொன்னார்கள், மாமியார் திருஷ்டி கழித்தார். கடைசியில் பொன்னேரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு ஹார்மோன் இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கிரேவ்ஸ் நோய். மருத்துவர் இரண்டு மாத்திரைகள் எழுதினார்: கார்பிமசோல், ப்ராப்ரனோலால். சில வாரம் கழித்து ஊருக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியரிடம் நடந்த பேச்சு இப்படி இருந்திருக்கும்:

"நர்சம்மா, அந்தத் தைராய்டு மாத்திர போட ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரே மண்ட இடி. அதான் நிறுத்திட்டேன்."

"ஏம்மா, யாரையும் கேக்காம நிறுத்தலாமா? இடி எப்போ ஆரம்பிச்சுது, மாத்திர போட்ட மொத வாரத்துலயா, இப்பவா?"

"அது இன்னா கணக்கு நர்சம்மா, தலவலின்னா தலவலிதான்."

அந்தக் கணக்குதான் இந்த அத்தியாயத்தின் விஷயம். தைராய்டைக் கட்டுப்படுத்தும் மருந்து சாப்பிடுகிறவருக்குத் தலை வலித்தால், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்பதைவிட எந்த வாரம் தொடங்கியது என்று கேட்டால் கூடுதலாகத் தெரியும். முதல் வாரத்துத் தலைவலிக்கும் எட்டாவது வாரத்துத் தலைவலிக்கும் காரணம் நேர் எதிரானதாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மாத்திரையைக் குற்றம் சொல்லி நிறுத்தினால், ஒன்றில் தேவையில்லாமல் நோய் திரும்பும். மற்றொன்றில் நிறுத்தியது பாதி சரியாக இருக்கும், காரணம் மட்டும் தவறாக இருக்கும்.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். அதன் பிறப்புக் கதை முட்டைக்கோசில் தொடங்குகிறது. 1928இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆலன் செஸ்னி என்ற ஆய்வாளர் வேறொரு நோயைப் பற்றி முயல்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கூண்டு முயல்களுக்கு முட்டைக்கோசே முக்கிய உணவு. கொஞ்ச நாளில் அவற்றின் கழுத்து வீங்கியது, கழலை. 1941இல் நியூசிலாந்தின் கென்னடியும் பர்வ்ஸும் கடுகுக் குடும்பத்துச் செடியான ரேப்பின் விதையை எலிகளுக்குக் கொடுத்து அதே வீக்கத்தைக் கண்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மெக்கென்சி தம்பதியர் குடல் கிருமிகளை ஒழிக்கும் சல்ஃபா மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோதும் தைராய்டு பெருத்தது. யாரும் தைராய்டைத் தேடிப் போகவில்லை, அது தானாக எல்லோருடைய கூண்டிலும் வந்து நின்றது.

சுரப்பி ஏன் பெருத்தது? ஹார்மோன் தயாரிக்க முடியாமல் தடுக்கப்பட்டதால். ஹார்மோன் குறைந்ததும் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச் என்ற தூண்டியை அள்ளி ஊற்றியது. அந்த அடி தாங்காமல் தைராய்டு வீங்கியது. எலியில் கேடாகத் தெரிந்ததை மருந்தாகப் பார்த்தவர் பாஸ்டனைச் சேர்ந்த எட்வின் ஆஸ்ட்வுட். தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயாளிகளுக்குத் தயோயூரியா, தயோயூரசில் ஆகியவற்றைக் கொடுத்த அனுபவத்தை 1943இல் வெளியிட்டார். அந்தக் கட்டுரையில் இருந்த நோயாளிகள் மூன்றே பேர். 1949இல் மெத்திமசோல், 1951இல் லண்டனில் கார்பிமசோல் என்று மேம்பட்ட தம்பிகள் வந்தன. நம் மருந்துக் கடைகளில் நியோமெர்கசோல் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது இந்தக் கார்பிமசோல்தான். உடம்புக்குள் போனதும் அது மெத்திமசோலாக மாறித்தான் வேலை செய்கிறது.

வேலை இதுதான்: தைராய்டுக்குள் பெராக்சிடேஸ் என்ற நொதி அயோடினைப் பிடித்துப் புரதத்தோடு ஒட்டவைக்கிறது. அப்படி ஒட்டியதிலிருந்துதான் டி4, டி3 என்ற ஹார்மோன்கள் உருவாகின்றன. மருந்து அந்த நொதியின் கையைக் கட்டுகிறது. புது உற்பத்தி சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கிவிடும். ஆனால் நோயாளிக்கு உடனே எதுவும் தெரியாது. மழைக்காலத்துக்கென்று காயவைத்துப் பானையில் அடுக்கிய கருவாடு, வலை போடாத நாளிலும் குழம்புக்கு வருவதைப்போல, சுரப்பி ஏற்கெனவே செய்து சேமித்த ஹார்மோன் வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் இறங்கிய டி4 பாதியாகக் குறையவே சாதாரண ஆளுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், நோயாளிக்கு அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம். ஆகவே மாத்திரை தொடங்கிய முதல் மூன்று, நான்கு வாரங்களில் உடம்பில் இருப்பது பழைய நோய்தான். ஒரு பக்கம் புது மருந்து, மறுபக்கம் இன்னும் அடங்காத பழைய நோய். இந்தக் காலத்தில் தலை வலித்தால் யாரைச் சந்தேகிப்பது?

கார்பிமசோலின் பிரிட்டிஷ் மருந்துக் குறிப்பில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பக்க விளைவுகள் வழக்கமாக முதல் எட்டு வாரங்களில் வரும். குமட்டல், தலைவலி, மூட்டுவலி, லேசான வயிற்றுத் தொந்தரவு, தடிப்பு, அரிப்பு ஆகியவை அதிகம் காணப்படும். பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும் என்று அது சொல்கிறது. எனவே மருந்து தலைவலி தருமா என்றால், தரலாம். ஆனால் இந்தப் பட்டியலில் அரிப்புக்கும் தலைவலிக்கும் ஒரே எடை கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. உடம்பெல்லாம் தடித்து அரித்தால் மருந்தைச் சுட்டிக்காட்ட ஓரளவு நியாயம் உண்டு. தலைவலி அப்படிப்பட்ட சாட்சி அல்ல. எந்த மருந்துச் சோதனையை எடுத்தாலும், வெறும் மாவு மாத்திரை சாப்பிட்ட குழுவிலும் தலைவலி என்று எழுதியவர்கள் இருப்பார்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் சோதனைக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வே 1948இல்தான் வந்தது. தைராய்டு மருந்துகள் அதற்கு முன்பே மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டன. அவற்றின் பக்க விளைவுப் பட்டியல் பெரும்பாலும் மருத்துவர்களும் நோயாளிகளும் சொன்னதைக் கேட்டுச் சேர்த்தது.

நோயே தலைவலி தரும் வழிகள் நிறைய. ஹார்மோன் மிகுந்தால் இதயம் வேகமாக அடிக்கும், மேல் ரத்த அழுத்தம் ஏறும், தூக்கம் கெடும், வியர்வையாக உடம்பு நீரை இழக்கும். இத்தனையோடு சித்திரை வெயிலில் பழவேற்காட்டு நீர்ப்பரப்பின் கண்கூச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். கிரேவ்ஸ் நோயில் சிலருக்குக் கண்களின் பின்னால் இருக்கும் தசைகள் வீங்கி, விழி பிதுங்கி, பார்வை இரண்டாகத் தெரியும். இரண்டாகத் தெரிவதை ஒன்றாக்க நாள் முழுக்க முயலும் கண்ணுக்கு மேலே நெற்றி வலிக்காமல் என்ன செய்யும்? இறால் ரகம் பிரிப்பது கண்ணை அருகில் வைத்துச் செய்யும் வேலை என்பதையும் மறக்கக் கூடாது. முதல் வாரத்துத் தலைவலி லேசாக இருந்து, காய்ச்சல் இல்லாமல், நாளாக ஆகக் குறைந்தால் மாத்திரையைத் தொடரலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நிறுத்தினால் சேமிப்பும் தொடரும், உற்பத்தியும் மறுபடி தொடங்கும். சில வாரத்தில் படபடப்பு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இனி அந்த இரண்டாவது மாத்திரை, ப்ராப்ரனோலால். தைராய்டு மருந்து வேலை காட்டும்வரை இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் அடக்கிவைக்க இதைக் கொடுப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். இதற்கு இன்னொரு முகம் உண்டு. 1966இல் நெஞ்சுவலிக்காக இதைச் சாப்பிட்டவர்களை ஆராய்ந்த ராப்கின் குழு, ஒற்றைத் தலைவலி இருந்தவருக்கு அதுவும் குறைந்ததைக் கவனித்தது. அதன்பிறகு ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க உலகெங்கும் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்றாகிவிட்டது. நம் கதையில் இது எங்கே வருகிறது? அந்தப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாதம் ஒருமுறை ஒரு பக்கம் இடிக்கும் தலைவலி இருந்திருக்கலாம். ப்ராப்ரனோலால் தொடங்கியதும் அது அடங்கியிருக்கும், அவரும் கவனித்திருக்க மாட்டார். ஆறு வாரம் கழித்து, துடிப்பு சரியாகிவிட்டது என்று மருத்துவர் அதை நிறுத்துவார். அடுத்த பத்து நாளில் பழைய இடி திரும்பும். அப்போது கையில் மிச்சம் இருக்கும் ஒரே மாத்திரை கார்பிமசோல். பழி அதன்மேல் விழும். நிறுத்திய மருந்தால் வந்த தலைவலிக்கு நிறுத்தாத மருந்து பொறுப்பேற்கிறது.

இதைவிடச் சிக்கலானது எட்டு, பத்து வாரத்துத் தலைவலி. கார்பிமசோலை ஆரம்பத்தில் நாளுக்கு 15 முதல் 40 மில்லிகிராம்வரை கொடுப்பது வழக்கம். சேமிப்பு தீர்ந்ததும் அதே அளவு மிகுதியாகிவிடும். அளவைக் குறைக்காவிட்டால் ஹார்மோன் இயல்பைத் தாண்டிக் கீழே இறங்கும், மிகைத் தைராய்டு குறைத் தைராய்டாக மாறும். குறைத் தைராய்டு தலைவலிக்குப் பேர்போனது. 2018இல் வெளியான பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. குறைத் தைராய்டு உள்ளவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குத் தலைவலி வருவதாக அது மதிப்பிடுகிறது. துடிதுடிக்காமல், இரண்டு பக்கமும், விட்டுவிட்டு வராமல் கனமாக நிற்கும் வலி. கூடவே உடம்பு சோர்வு, முகம் உப்பல், மலச்சிக்கல், மார்கழியில் தாங்க முடியாத குளிர். மூன்று மாதத்துக்கு முன் மின்விசிறிக்கடியில் வியர்த்தவர் இப்போது போர்வை தேடுகிறார் என்றால், வீட்டாரே பாதி நோயறிதலைச் செய்துவிடலாம்.

இந்தத் தலைவலிக்கு மருந்துதான் காரணமா? காரணம்தான், ஆனால் மருந்தின் நஞ்சு அல்ல, மருந்தின் வெற்றி. மருத்துவம் இங்கே அளவைக் குறைக்கும், அல்லது சிறிதளவு தைராக்சின் சேர்க்கும். மாத்திரையை அடியோடு நிறுத்திய நம் பெண்ணுக்குச் சில நாளில் தலைவலி குறையக்கூடும். அந்த நிம்மதியே அவரை நம்பவைத்துவிடும்: மாத்திரைதான் விஷம். பிறகு நோய் திரும்பி வரும்போது எந்த மருத்துவர் சொன்னாலும் அந்த மாத்திரையை அவர் தொடமாட்டார். பக்க விளைவு பற்றிய தவறான முடிவுகள் இப்படித்தான் அனுபவத்தின் முத்திரையோடு ஊரில் பரவுகின்றன.

மருத்துவர்களும் தடுக்கி விழும் ஒரு குழி இங்கே இருக்கிறது. தைராய்டு என்றால் டிஎஸ்எச் பார்த்தால் போதும் என்ற பழக்கம் சிற்றூர்ப் பரிசோதனைக் கூடங்களில் வேரோடிவிட்டது. குறைத் தைராய்டு பெருகிய நாட்டில் அது இயல்பும்கூட. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குக் குறைத் தைராய்டு என்றது. அவர்களுக்கு டிஎஸ்எச் நல்ல வழிகாட்டி. கிரேவ்ஸ் நோயின் முதல் மாதங்களில் அது வழி தவறவைக்கும். மாதக்கணக்கில் ஹார்மோன் மிகுந்திருந்ததால் பிட்யூட்டரி டிஎஸ்எச் சுரப்பதையே நிறுத்தியிருக்கும். ஹார்மோன் இயல்புக்கு வந்தபிறகும், ஏன், இயல்புக்குக் கீழே போனபிறகும்கூட அது விழித்துக்கொள்ள வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் டிஎஸ்எச் மட்டும் பார்த்தால் அறிக்கையில் அது தாழ்ந்தே நிற்கும். தாழ்ந்த டிஎஸ்எச் என்றால் தைராய்டு இன்னும் மிகுதி என்று படித்து மருந்தைக் கூட்டினால் என்ன ஆகும்? ஏற்கெனவே சரிந்துகொண்டிருப்பவரை இன்னும் கீழே தள்ளுவோம், தலைவலியும் கூடும். அதனால்தான் சிகிச்சை தொடங்கி இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் ஃப்ரீ டி4, டி3 இரண்டையும் பார்க்கச் சொல்கிறார்கள் ஹார்மோன் மருத்துவர்கள். பரிசோதனைச் சீட்டில் கூடுதலாக இரண்டு வரிதான், ஆனால் அதற்குக் கூடுதல் பணம் வேண்டும். சுண்ணாம்புக்குளத்திலிருந்து பேருந்தும் ரயிலுமாகப் போய் ஒருநாள் இறால் வியாபாரத்தை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்கிறவருக்கு அந்த இரண்டு வரியைச் சேர்த்து எழுதித் தருவது மருத்துவரின் வேலை, கேட்டு வாங்குவது நோயாளியின் வேலை அல்ல.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கார்பிமசோலும் தைராய்டு மாத்திரை, அதற்கு நேர் எதிரான தைராக்சினும் தைராய்டு மாத்திரை. பக்கத்து வீட்டக்காவிடம் "உன் தைராய்டு மாத்திர ரெண்டு குடுக்கா, நாளைக்கு வாங்கித் தர்றேன்" என்று கடன் வாங்கினால், எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றியது மாதிரிதான். மிகைத் தைராய்டுக்காரருக்குத் தைராக்சின் போனால் படபடப்பும் தலைவலியும் ஏறும். மாத்திரையின் பெயரை எழுதி வாங்கிவைத்துக்கொள்வது இதற்கு எளிய காப்பு.

எட்டாவது வாரம், பத்தாவது வாரம் என்றெல்லாம் உறுதியாகச் சொன்னேனே, எல்லா ஊரிலும் ஒரே வாரமா? இல்லை, உடம்பில் அயோடின் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். சுரப்பியில் அயோடின் சேமிப்பு நிறைந்தவருக்கு மருந்து பிடிக்க நாளாகும். குறைந்தவருக்குச் சீக்கிரமே பிடிக்கும், சீக்கிரமே மிகும். அப்படியானால் கடலோரத்து ஆளுக்கு அயோடின் நிறைய இருக்கும் அல்லவா? பலர் அப்படித்தான் நினைக்கிறோம். கடல்மீன், இறால், நண்டு இவற்றில் அயோடின் உண்டு, உண்மை. ஆனால் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 60 மைக்ரோகிராம் அயோடின்தான் இருக்கிறது. பாத்தியில் உப்பு விளையும்போது அதில் பெரும்பகுதி மிஞ்சும் கசப்பு நீரோடு தங்கிவிடும், காற்றிலும் போய்விடும். எனவே கடலுப்பு என்பதால் அயோடின் உப்பு ஆகிவிடாது. கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் என்று வீட்டு உப்புக்கு வகுத்த அளவின் பக்கத்தில்கூடச் சாதாரணக் கல்லுப்பு வராது.

இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி. ராமலிங்கசாமி தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது. அந்தப் பாதையில் 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது, 2006இல் அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்பதற்கான தடை மறுபடி நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் 2018-19இல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களில் கடைசி இடம் நமக்கு. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்பு விளைவிக்கும் மாநிலத்துக்கு இது அழகில்லை. விளைகிற இடத்திலேயே மூட்டையாக மலிவாகக் கிடைக்கும் கல்லுப்பைத்தான் வீடுகளும் வாங்குகின்றன என்பது இதில் ஒரு காரணம்.

மறுபக்கமும் உண்டு. அயோடின் குறைந்த மக்களுக்குத் திடீரென்று அயோடின் கொடுத்தால் சிலரிடம், குறிப்பாகக் கழுத்தில் பழைய கட்டிகள் உள்ள வயதானவர்களிடம், மிகைத் தைராய்டு தலைதூக்கும். 1966இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ரொட்டியில் அயோடின் சேர்த்தபின் இது தெளிவாகத் தெரிந்தது. சில ஆண்டுகளில் அந்த அலை அடங்கியது. இதை வைத்து அயோடின் உப்பே நோய்க்குக் காரணம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பேச்சுக்கு நான் மசியத் தயாராக இல்லை. நம் பெண்ணுக்கு வந்தது கிரேவ்ஸ் நோய். அதில் உடம்பின் எதிர்ப்புப் புரதம் ஒன்று டிஎஸ்எச் போல நடித்துச் சுரப்பியை ஓயாமல் தூண்டுகிறது. சுரப்பியைத் தூண்டும் அந்தப் பொருளின் முதல் தடயத்தை 1956இல் கண்டவர்கள் ஆடம்ஸும் பர்வ்ஸும். ரேப் விதை எலிகளைப் பார்த்த அதே பர்வ்ஸ்தான். நோயின் காரணத்துக்கும் அதன் மருந்துக்கும் வழிகாட்டிய தடயங்கள் இரண்டிலும் ஒரே ஆளின் கை பட்டிருப்பது அறிவியலில் அடிக்கடி நடப்பதில்லை.

அரிதான ஒரு தலைவலியை ஒரு பத்தியில் கடந்துவிடுகிறேன். விடியற்காலையில், சாப்பிடாத நேரத்தில், வியர்வையும் நடுக்கமும் மயக்கமுமாகத் தலை வலித்தால் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெத்திமசோல் போன்ற கந்தகம் கொண்ட மருந்துகள் சிலரிடம் இன்சுலினுக்கு எதிரான புரதத்தைத் தூண்டிவிடும். ஜப்பானின் ஹிராட்டா 1970இல் விவரித்த நோய்நிலை இது. இந்தியாவில் மிக அபூர்வம். ஆனால் விரல்நுனி ரத்தத்தில் ஒரு நிமிடத்தில் பிடிபடும் காரணத்தைத் தேடாமல் விடுவானேன்?

இனி எந்த வாரமாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாத தலைவலி. காய்ச்சலோடும் தொண்டை வலியோடும் வருவது. கார்பிமசோல் சாப்பிடுபவர்களில் ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு ரத்தத்தில் நோயை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். இதற்கான மரபணுச் சாய்வு சில ஆசிய மக்களிடம் இருப்பதை 2015இல் தைவான், ஹாங்காங் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை நம் ஊர் மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வரவில்லை. வாராவாரம் ரத்தம் பார்ப்பதும் பெரிதாக உதவாது, ஏனென்றால் அணுக்கள் சில நாளிலேயே மளமளவென்று சரிந்துவிடும். கையில் இருக்கும் ஒரே எச்சரிக்கை மணி காய்ச்சல்.

அந்த மணியைத் தலைவலி மாத்திரை அமுக்கிவிடும். இதைத்தான் சுண்ணாம்புக்குளத்துப் பெண்ணுக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தலை வலிக்கிறது என்று பெட்டிக்கடையில் பாராசிட்டமால் வாங்கி வேளைக்கு ஒன்றாக விழுங்கினால் காய்ச்சல் அடங்கியே இருக்கும், அடியில் கிருமி பெருகும். எப்போதாவது ஒன்று போட்டுக்கொள்வதில் தப்பில்லை. போடுவதற்கு முன் உடம்பு சுடுகிறதா, எச்சில் விழுங்கினால் தொண்டை நோகிறதா, வாயில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். காஃபீன் கலந்த கூட்டு மாத்திரைகள் ஏற்கெனவே படபடக்கும் நெஞ்சை இன்னும் விரட்டும். ஆஸ்பிரின் அதிக அளவில் போனால் ரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் தைராய்டு ஹார்மோனைக் கழற்றிவிடும், மிகைத் தைராய்டில் அதுவும் வேண்டாத வேலை.

தலைவலி மாத்திரைக்கும் வெள்ளணுக்களுக்கும் பழைய பகை ஒன்று இருக்கிறது. தொண்டைப் புண்ணும் காய்ச்சலுமாக வந்து வெள்ளணுக்கள் இல்லாமல் இறந்தவர்களைப் பற்றி ஜெர்மனியின் வெர்னர் ஷூல்ட்ஸ் 1922இல் எழுதினார். காரணம் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1934இல், அமெரிக்காவின் மேடிசனும் ஸ்குவையரும் குற்றவாளியை அடையாளம் காட்டினார்கள்: வலிக்கும் காய்ச்சலுக்கும் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அமினோபைரின். அதன் சொந்தக்கார மருந்தான அனால்ஜினை இந்தியா 2013இல் தடைசெய்து, மறு ஆண்டே எச்சரிக்கையோடு அனுமதித்தது. கார்பிமசோல் சாப்பிடுபவர் தலைவலிக்கு அதையும் எடுத்துக்கொண்டால், வெள்ளணுக்கள் சரியும்போது யார் காரணம் என்று பிரித்துச் சொல்லவே முடியாமல் போகும்.

அதனால் அந்தச் செவிலியர் "எந்த வாரம்" என்று கேட்பதற்கு முன்பே அவர் கை அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டிருக்கும் என்று நினைக்கிறேன். சுட்டால் அன்றைக்கே கார்பிமசோலை நிறுத்திவிட்டு, கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைக்கோ பொன்னேரிக்கோ போய் ரத்த அணுக்களைத் தனித்தனியாக எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும், இரவாக இருந்தாலும். அங்கே நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே இருந்தால் சென்னைக்கு அனுப்புவார்கள். நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக், தேவைப்பட்டால் அணுக்களை வளர்க்கும் ஊசி. அதன்பிறகு அவருக்குக் கார்பிமசோல் வாழ்நாளில் மறுபடி கிடையாது, அதன் உறவுக்கார மருந்தான ப்ரொபைல்தயோயூரசிலும் கிடையாது. கதிரியக்க அயோடின் அல்லது அறுவை என்று வேறு வழி பார்க்க வேண்டும். நெற்றி சுடாவிட்டால், கணக்கு அணுக்களிலிருந்து வாரத்துக்குத் திரும்பும்: அவர் வைத்திருக்கும் மருந்துச் சீட்டில் முதல் தேதி என்ன, ப்ராப்ரனோலாலை எப்போது நிறுத்தினார்கள், கடைசி அறிக்கையில் ஃப்ரீ டி4 இருக்கிறதா, டிஎஸ்எச் மட்டும்தானா.